கேல் நகரின் திறந்த கதவுகள்

கெரசேனர் பகுதியில் கல்லறைகளிடையே அலைந்து திரிந்த மனிதன், நலம் பெற்றதும் இயேசுவோடு செல்ல விரும்பினான். ஆண்டவரோ அவனை அவன் வீட்டாரிடமே அனுப்பி வைத்தார். மனம் தெளிந்தவனுக்கு வீடு திரும்பும் வழி உண்டு. தெளியாதவன் எங்கே போவான்? இக்கேள்விக்குப் பெல்ஜியம் நாட்டின் கேல் என்னும் ஊர் ஏறத்தாழ 700 ஆண்டுகளாக விடையளித்து வருகிறது.

7ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து நாட்டு அரசன் ஒருவன், மனைவியை இழந்த துயரத்தால் மதி கலங்கி, அவள் சாயல் கொண்ட தன் மகள் டிம்ப்னாவையே மணக்க முற்பட்டானாம். அவள் ஜெரெபெர்னுஸ் என்ற குருவானவரின் துணையுடன் கடல் கடந்து கேலுக்குத் தப்பி வந்தாள். தேடி வந்த தந்தை அங்கேயே அவளைக் கொன்றான் என்பது வழிவழிச் செய்தி. இது எழுத்தில் இடம்பெற்றதோ 13ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே இதில் வரலாறு எவ்வளவு, மரபு எவ்வளவு என்று பிரித்துக் காண்பது அரிது. ஆனால், பித்தேறிய கையால் மடிந்தவளையே மனநோயாளர் தங்கள் பாதுகாவலியாகத் தேடி வந்தனர் என்பது வரலாறு.

1349இல் அவள் பெயரால் ஆலயம் எழத் தொடங்கியது. ஆலயத்தை ஒட்டிய நோயாளர் அறையில் தங்கி, ஒன்பது நாள் வழிபாட்டில் கலந்துகொள்ளத் திருப்பயணிகள் திரண்டனர். அறையில் இடம் போதாமற் போகவே, ஊரார் தம் வீடுகளில் அவர்களுக்கு இடமளித்தனர். ஒன்பது நாள் முடிந்தும் பலர் நலம் பெறவில்லை. அவர்களுள் பலரை அழைத்துச் செல்லவும் ஆளில்லை. அவர்கள் அந்த வீடுகளிலேயே தங்கிவிட்டனர்.

அவ்வூரார் எல்லாரும் புனிதர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பராமரிப்புக்காக அவர்களுக்குப் பணம் கிடைத்தது. வயல் வேலைக்கு ஆளும் கிடைத்தது. ஓடிவிடக் கூடியவர் என அஞ்சியவரின் காலில் விலங்கிட்ட காலமும் இருந்தது. ஆயினும் பிற நகரங்கள் மனநோயாளரை மதில்களுக்குள் அடைத்தபோது, கேலில் அவர்கள் தெருவில் நடந்தனர். குடும்பத்தோடு ஒரே மேசையில் உண்டனர். ஊரார் அவர்களை நோயாளி என்று குறிப்பிடுவதில்லை. உடன் உண்டு உறைபவர் என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிப்பிட்டனர்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு ஆட்சி ஆலயத்தை மூடியது. வீடுகளின் கதவுகளோ மூடப்படவில்லை. 1803இல் பிரசல்ஸ் நகரத்து மனநோயாளரும் இங்கே அனுப்பப்பட்டனர். 1850ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் அரசு இப்பணியின் மேற்பார்வையை ஏற்றது. 1862இல் மருத்துவமனையும் உருவாயிற்று. புதிதாக வருபவரை மருத்துவர் சிலகாலம் கவனித்து, ஏற்ற குடும்பத்தைத் தேர்ந்தளிப்பர். செவிலியர் வீடு தேடிச் செல்வர். நிலைமை மோசமானால் மருத்துவமனை உண்டு. தேறியதும் மீண்டும் அதே வீடு. 1938இல் இவ்வாறு வாழ்ந்தோர் 3,700க்கும் அதிகம். பெற்றோர் மறைந்தபின், அவர்கள் பேணியவரைப் பிள்ளைகள் தொடர்ந்து பேணிய வீடுகள் பல.

புதிய மருந்துகள் வந்தன. வேளாண் குடும்பங்கள் அருகின. உடனுறைவோரின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைந்தது. எனினும் வழக்கம் அறுபடவில்லை. 2023இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மானுட மரபைப் பேணும் சிறந்த நடைமுறைகளுள் ஒன்றாக ஏற்றது.

கேலுக்கு வந்தோர் கேட்டது புதுமை. அது கிட்டாதவர்களுக்கு அவ்வூர் தந்தது ஒரு நாற்காலி, ஒரு தட்டு, தன் பெயரறிந்து அழைக்கும் அயலார். மருந்தை மருத்துவர் தருவார். இவற்றைத் தர அயலாரால்தான் இயலும். நம் பங்கிலும், விருந்தினர் வரும்போது உள்ளறையில் மறைத்து வைக்கப்படும் மகனோ மகளோ, திருப்பலிக்கு அழைத்து வரப் பெற்றோர் கூசும் உடன்பிறப்போ இருக்கக்கூடும். அவர்களுக்காக நவநாள் செய்ய நாம் தயங்குவதில்லை. ஒன்பதாம் நாள் முடிந்தபின், பத்தாம் நாள் அவர்கள் யார் வீட்டு மேசையில் அமர்வார்கள்?