ஒரு பன்மைச் சொல்லிலிருந்து தொடங்குதல்: ஆங்கில இலக்கிய வகுப்பில் டோல்கீன்

1937 செப்டம்பரில் 'தி ஹாபிட்' வெளிவந்தபோது அதில் குள்ளர் இனத்தைக் குறிக்கும் சொல்லின் பன்மை அன்றைய அகராதி வழக்கோடு ஒத்துப்போகவில்லை. வழக்கு 'ட்வார்ஃப்ஸ்', நூலில் இருந்ததோ 'ட்வார்வ்ஸ்'. பதினேழு ஆண்டுகள் கழித்து 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் அச்சேறியபோது அச்சகத்தார் அதைத் 'திருத்தினார்கள்'. 1961இல் வந்த 'தி ஹாபிட்' நூலின் பஃபின் பதிப்பிலும் அதே திருத்தம் நுழைந்தது. ஆசிரியர் இரண்டு முறையும் விடவில்லை. இத்தனைக்கும் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கில மொழிப் பேராசிரியராக இருந்தவர். அந்தப் பன்மை தம் சொந்த இலக்கணப் பிழை என்று கடிதத்தில் ஒப்புக்கொண்டவரும் அவர்தான்.

ஆங்கிலம் படிக்கும் மாணவருக்கு ஜே.ஆர்.ஆர். டோல்கீனைக் கற்பிக்க வேண்டுமென்றால் இந்தச் சில்லறைத் தகராறிலிருந்து தொடங்கலாம் என்பதே என் கருத்து. பழைய ஆங்கிலத்தில் 'ஃப்' ஒலிக்கும் 'வ்' ஒலிக்கும் எழுத்து ஒன்றே. சொல்லின் ஈற்றில் அது 'ஃப்' ஆகும்; உயிர்களுக்கும் பிற அதிர்வொலிகளுக்கும் நடுவில் 'வ்' ஆகும். ஓநாய் ஒன்றென்றால் 'வுல்ஃப்', பலவென்றால் 'வுல்வஸ்'. இது தமிழ் மாணவருக்கு விளக்கம் தேவைப்படாத செய்தி. 'தலை'யின் தகரத்தையும் 'காது'வின் துகரத்தையும் நாம் வேறாக ஒலிக்கிறோம், ஒரே எழுத்து வரிசையில்தான் எழுதுகிறோம். நார்மன் வெற்றிக்குப் பின் பிரெஞ்சு எழுத்துமரபு ஆங்கிலத்துக்குள் வந்து, 'வ்' ஒலிக்குத் தனி எழுத்து வழங்கத் தொடங்கிய பிறகே இந்த வேறுபாடு ஏட்டில் தெரியலாயிற்று. இன்றைய 'வுல்வ்ஸ்', 'லீவ்ஸ்', 'எல்வ்ஸ்' எல்லாம் அதன் எச்சங்கள்.

குள்ளனுக்கான சொல்லின் கதை வேறு. அதன் ஈற்றில் பழைய ஆங்கிலத்தில் இருந்தது தொண்டையொலி. 'லாஃப்', 'இனஃப்' சொற்களில் நடந்ததுபோல அது பின்னாளில் 'ஃப்' ஆயிற்று. பன்மையில் அதே ஒலி ரகரத்துக்கும் உயிருக்கும் இடையே நின்று வகரமாகக் கரைந்தது. ஆகவே வரலாறு நேராக ஓடியிருந்தால் இன்று பன்மை 'ட்வாரோஸ்' என்றிருக்க வேண்டும். டோல்கீன் இதைத் தம் நாவலின் பிற்சேர்க்கையில் சொல்கிறார். மோரியா சுரங்க நகருக்கு 'ட்வாரோடெல்ஃப்' என்று பெயரிட்டு அந்த இழந்த வடிவத்தைக் கதைக்குள்ளும் வைத்துவிடுகிறார். 'ட்வார்வ்ஸ்' என்பது 'எல்வ்ஸ்' போல ஒலிக்கட்டும் என்று ஒப்புமையால் வந்த வடிவம். இந்த ஒரு சொல்லை வைத்து ஒலி மாற்றம், எழுத்துமுறை, ஒப்புமையாக்கம் மூன்றையும் ஒரே வகுப்பில் கற்பித்துவிடலாம். பாடநூலில் இவற்றுக்கு மூன்று அத்தியாயங்கள் ஆகும்.

அச்சகத்தார் கை வைத்த சொற்களில் ஒரு பூச்செடியும் உண்டு. அவர் எழுதிய 'நஸ்டர்ஷியன்ஸ்' என்பதை 'நஸ்டர்ஷியம்ஸ்' ஆக்கிவிட்டார்கள். டோல்கீன் கல்லூரித் தோட்டக்காரரிடம் போய்க் கேட்டாராம். தோட்டக்காரர் பேராசிரியர் பக்கமே தீர்ப்பளித்தார்: மற்றது நீரில் வளரும் கீரையின் பெயர்.

எழுத்தாளரின் வாழ்வைக் கொண்டு இலக்கியம் கற்பிக்கும் வழக்கமான பாடம் இப்படித் தொடங்குவதில்லை. 1892இல் ப்ளூம்ஃபோன்டீனில் பிறப்பு, நான்கு வயதில் தந்தையின் மரணம், பன்னிரண்டில் தாயின் மரணம், 1916இல் சோம் போர்க்களம், அங்கே இறந்த பள்ளித் தோழர்கள் என்று பட்டியல் போகும். பிறகு மாணவர் நாவலுக்குள் சென்று இவற்றைத் 'தேடிக் கண்டுபிடிக்க' வேண்டும். கண்டுபிடிப்பதும் எளிது. நாவலின் நாயகனான அனாதை ஃப்ரோடோ, போரிலிருந்து திரும்பியும் தேறாத ஃப்ரோடோ, பிணங்கள் நீருக்கடியில் மிதக்கும் சதுப்புநிலம். விடை முன்பே தெரிந்த கணக்கைப் போடும் பயிற்சி இது. இதில் மாணவர் கற்பது, எந்தப் புத்தகத்தையும் ஆசிரியரின் துயரத்துக்குச் சங்கேத மொழியாகப் படிக்கும் பழக்கத்தை.

சதுப்புநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1960இன் கடைசி நாளில் எழுதிய கடிதத்தில் டோல்கீன், அது சோம் போருக்குப் பிந்தைய வட பிரான்சுக்கு ஓரளவு கடன்பட்டது என்கிறார். மேற்கோளாளர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த வாக்கியத்தில் அவர், வில்லியம் மாரிஸின் பழங்கதைப் புனைவுகளுக்கு இதைவிட அதிகம் கடன்பட்டதாகச் சொல்கிறார். கண்ணால் கண்ட களத்தைவிடப் படித்த புத்தகம் அதிகம் கொடுத்தது என்று போருக்குப் போய்வந்தவரே சொல்லும்போது, வகுப்பு அந்த இரண்டாம் வாக்கியத்தில்தான் நேரம் செலவிட வேண்டும். போர் அவரைத் தொடவில்லை என்பது என் வாதமில்லை. டோல்கீனின் போர் அனுபவம் பற்றி ஜான் கார்த் 2003இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு அப்படி யாரும் சொல்ல முடியாது. அனுபவம் எழுத்தாவதற்கு நடுவில் வேறு எழுத்துகள் நிற்கின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து வாழ்க்கைக்குப் போகும் வாசிப்பை மட்டுமே மறுக்கிறேன்.

அப்படியானால் வாழ்க்கையை வெளியே நிறுத்திவிடலாமா? முடியாது. ஆனால் எந்த வாழ்க்கை என்று கேட்க வேண்டும். டோல்கீனின் தொழில் வாழ்க்கை பாடத்துக்கு மிகவும் உகந்தது, ஏனெனில் அது ஏறக்குறைய முழுவதும் ஆங்கிலச் சொற்களோடு கழிந்தது. போர் முடிந்ததும் அவருக்குக் கிடைத்த வேலை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில், 'டபிள்யூ' எழுத்தின் பகுதியில். 'வால்ரஸ்' என்ற ஒரே சொல்லின் பிறப்பைத் தீர்க்க அவர் மீண்டும் மீண்டும் எழுதிப்பார்த்த குறிப்புகள் எஞ்சியுள்ளன. 1920இல் லீட்ஸ் பல்கலைக்கழகம்; 1925இல் ஈ.வி. கார்டனோடு 'சர் கவெய்ன்' பதிப்பு. அதே ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்ஸன் பேராசிரியர் பதவி. 1929இல் வந்த ஒரு கட்டுரையில், நார்மன் வெற்றிக்குப் பின்னும் இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் ஒழுங்கான எழுத்து ஆங்கிலம் ஒன்று உயிரோடிருந்தது என்று இரு கையெழுத்துப்படிகளின் மொழியை ஒப்பிட்டு நிறுவினார்.

அந்தப் பகுதி அவர் சிறுவனாக வளர்ந்த பர்மிங்ஹாம் பக்கம், பழைய மெர்சியா அரசு இருந்த நிலம். குதிரை வீரர்களின் நாடான ரோஹனுக்குப் பெயர் வைக்கும்போது அவர் பாடநூல்களின் மேற்கு சாக்ஸன் வடிவங்களைத் தவிர்த்து மெர்சிய வடிவங்களை எடுக்கிறார். தந்திரம் என்னும் பொருளுள்ள சொல் மேற்கு சாக்ஸனில் 'செயரு', மெர்சியாவில் 'சரு'. நாவலின் மந்திரவாதி சருமானின் பெயர் அங்கிருந்து வருகிறது. டாம் ஷிப்பி 1982இல் 'தி ரோட் டு மிடில்-எர்த்' நூலில் இத்தகைய தடயங்களை விரிவாகக் காட்டினார். இங்கே பிள்ளைப் பருவம் கதைக்குள் வந்திருக்கிறது, ஐயமில்லை. ஆனால் அது ஒரு கிளைமொழியின் உயிரொலி வழியாக வந்திருக்கிறது. இந்த வழியை மாணவர் தாமே சரிபார்க்க முடியும். துயரத்தின் வழியை அப்படிச் சரிபார்க்க முடியாது.

சரிபார்ப்பதற்கு வேண்டியதெல்லாம் பாஸ்வொர்த்-டோலர் பழைய ஆங்கில அகராதி. அது இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. ரோஹன் அரசர் வரிசையின் கடைசிப் பகுதியில் தாத்தா, மகன், பேரன் மூவர்: ஃபெங்கெல், தெங்கெல், தேயோடன். மூன்றையும் அகராதியில் தேடச் சொன்னால் மூன்றுக்கும் தலைவன், அரசன், இளவரசன் என்றே பொருள் வரும். மூன்றும் பழைய செய்யுள் வழக்கு. நம் நிகண்டில் அரசனுக்கான சொற்களை எடுத்து ஒரு குடும்பத்துக்கே பெயர் வைத்ததுபோல. மாணவர் சிரிப்பார்கள், சிரித்துவிட்டு, ஒரு மொழியின் கவிதைக்கு ஏன் அரசனைக் குறிக்க இத்தனை சொற்கள் வேண்டியிருந்தன என்று கேட்பார்கள். மோனை விடை. ஒரே முதலெழுத்துப் பொருந்தினால்தான் அந்த யாப்பில் அடி நிற்கும், ஆகவே ஒவ்வொரு எழுத்திலும் ஓர் அரசன் தேவை. நடந்து திரியும் மரமனிதர்களான 'என்ட்'களும் சருமானின் கோபுரமான 'ஆர்த்தங்க்'கும் பழைய ஆங்கிலப் பாட்டொன்றில் ஒரே தொடரில் அடுத்தடுத்து நிற்கும் சொற்கள். முதலாவது பூதம், இரண்டாவது நுட்பமான கைவேலை. நாவலில் அந்தக் கோபுரத்தைச் சூழ்ந்த கோட்டையை உடைத்து வெள்ளத்தில் மூழ்கடிப்பவர்கள் என்ட்களே.

சொல்லிலிருந்து காட்சிக்குப் போகும்போது இந்த முறை இன்னும் வலுப்பெறுகிறது. 'பேவுல்ஃப்' காவியத்தில் நாயகன் கடற்கரைக் காவலனால் நிறுத்தப்படுகிறான், மண்டப வாசலில் மீண்டும் விசாரிக்கப்படுகிறான், ஈட்டியையும் கேடயத்தையும் வெளியே வைத்துவிட்டு உள்ளே போகிறான். தேயோடனின் பொன்மண்டபத்தை மந்திரவாதி காண்டால்ஃபின் குழு அடையும் அத்தியாயம் படிக்குப் படி இதையே பின்பற்றுகிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் மாணவர் முதலில் ஒற்றுமையைப் பட்டியலிடுவார்கள். அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு வேற்றுமைக்குப் போகவேண்டும். காவியத்தில் ஆயுதத்தை விடுவது மரியாதை, சச்சரவில்லை. நாவலில் அக்குழுவிலுள்ள அரகார்ன் தன் வாளை விட மறுத்து முறைக்கிறான். காண்டால்ஃப் வாளை முதலில் தந்துவிட்டு, கிழவனுக்கு ஊன்றுகோல் வேண்டாமா என்று கைத்தடியை மட்டும் உள்ளே கொண்டுபோகிறார். காவலன் ஹாமா தயங்கி விடுகிறான். விதிக்கும் சொந்த அறிவுக்கும் நடுவில் ஒரு வாயிற்காவலன் நிற்கும் இந்தக் கணம் நாவலுக்கே உரியது, மூலத்தில் இல்லை. 1936இல் பிரிட்டிஷ் அகாடமி உரையில் டோல்கீன், 'பேவுல்ஃப்' காவியத்தை வரலாற்றுச் சான்றாகத் தோண்டுவதை விட்டுக் கவிதையாகப் படியுங்கள் என்று வற்புறுத்தினார். அவருடைய சொந்தக் காட்சியை அந்தக் காவியத்தோடு சேர்த்துப் படித்தால் அந்த உரை எதற்காக என்பது வகுப்புக்கு எளிதில் புரியும்.

இனி மறுப்புகள். அவர் தொழிலைப் பின்பற்றலாம். அவர் கற்பித்த விதத்தையும் வகுத்த பாடத்திட்டத்தையும் அப்படியே எடுக்க முடியாது. 'பேவுல்ஃப்' வரிகளை அவர் முழங்கக் கேட்டதைக் கவிஞர் டபிள்யூ.எச். ஆடன் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. 1950களில் அவர் விரிவுரைக்குப் போன டயானா வின் ஜோன்ஸோ, அவர் கரும்பலகையைப் பார்த்து முணுமுணுத்தார், மாணவர்களை விரட்டிவிட்டு எழுதப் போகவே விரும்பினார் என்று நினைவுகூர்ந்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆசிரியர்தான். 1931இல் அவரும் சி.எஸ். லூயிஸும் முன்னின்று நிறைவேற்றிய ஆக்ஸ்ஃபோர்டு பாடத்திட்டம் இலக்கியத்தை ஏறக்குறைய 1830ஓடு நிறுத்திற்று. டிக்கன்ஸ் இல்லாத ஆங்கிலப் பட்டம். இதன் விளைவு விசித்திரமானது. மரியா சச்சிகோ செசீர் 2019இல் காட்டியபடி, அந்தப் பாடத்திட்டத்தின் நிழலில் படித்த ஜோன்ஸ், சூசன் கூப்பர் போன்றவர்கள் பின்னாளில் மிகுபுனைவு எழுத்தாளர்களாயினர். விக்டோரியா கால நாவலை வெளியே தள்ளிய திட்டம் இருபதாம் நூற்றாண்டின் ஒரு நாவல் மரபுக்கு நாற்றங்காலாயிற்று. அதற்காக அந்தத் திட்டத்தைப் பாராட்ட எனக்கு மனமில்லை.

இன்னொரு மறுப்பு கடினமானது. நாவலில் எதிரிகள் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிறார்கள். கருமேனி அவர்களுடைய அடையாளங்களில் ஒன்று. நம் வகுப்பில் இதைக் கவனிக்காத மாணவர் இருக்கமாட்டார், மழுப்பவும் கூடாது. அதோடு 1938ஆம் ஆண்டு ஆவணமொன்றையும் வைக்கவேண்டும். 'தி ஹாபிட்' நூலை மொழிபெயர்க்க விரும்பிய ஜெர்மன் பதிப்பகம் அவர் ஆரிய வழியினரா என்று கேட்டிருந்தது. அவர் எழுதிய பதில் வரைவு மொழிநூலாளரின் பதில்: ஆரியம் என்பது இந்திய-ஈரானிய மொழிகளைக் குறிக்கும் சொல், என் முன்னோர் எவரும் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியதில்லை, நீங்கள் கேட்பது யூத வழியா என்றால், அத்திறன்மிக்க மக்களில் எனக்கு முன்னோர் இல்லாதது வருத்தமே. இனவாதத்தின் மையச் சொல்லை இப்படிப் பிரித்துக் காட்டியவரின் கற்பனையிலும் அந்த வண்ண எல்லை நிற்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதை அழித்துவிட முடியாது.

1959இல் ஓய்வுபெறும் உரையில், தென்னாப்பிரிக்காவில் பிறந்த அவர், பல்கலைக்கழகத்தில் மொழியையும் இலக்கியத்தையும் பிரித்து வைத்திருப்பதை நிறவெறிப் பிரிவினையோடு ஒப்பிட்டார். உவமை கொஞ்சம் மிகைதான். ஆனால் நம் கல்லூரிகளில் ஆங்கில மொழி வரலாறு இன்றும் மனப்பாடத் தாளாகவும் நாவல் கதைச்சுருக்கத் தாளாகவும் தனித்தனியே கிடப்பதைப் பார்த்தால் அவர் எரிச்சல் புரிகிறது.

எழுதக் கற்கும் மாணவருக்கு அவருடைய வரைவுகள் இருக்கின்றன. நாவலின் கையெழுத்துப்படிகளை மில்வாக்கியின் மார்க்கெட் பல்கலைக்கழகம் 1,500 பவுண்டுக்கு வாங்கியது. மகன் கிறிஸ்டோபர் அவற்றை ஒழுங்குபடுத்தி 1988இல் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி ஷேடோ' தொகுதி முதலாக வெளியிட்டார். அவற்றில் ஃப்ரோடோவின் பெயர் பிங்கோ. ப்ரீ ஊர் விடுதியின் மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்நியன் பெயர் ட்ராட்டர். மரக்காலணி போட்ட ஒரு ஹாபிட். அவன் யாரென்று ஆசிரியருக்கே அப்போது தெரியாது. ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் அதை அவரே சொல்கிறார். இந்த வரைவையும் அச்சான அத்தியாயத்தையும் மாணவர் கையில் கொடுத்து, மாறாத வரிகளின் கீழ் கோடிடச் சொல்லலாம். குட்டை ஹாபிட் ட்ராட்டர் பேசிய பேச்சில் கணிசமான பகுதி, அரசனாகப் போகிற அரகார்னின் வாயில் அதிக மாற்றமின்றி வந்து நிற்பதைக் கோடுகள் காட்டும்.