பாட வீடியோ மண்டையில் ஏறலையா? காரணம் டிசைனாகவும் இருக்கலாம்!

மூணு முறை ரீவைண்ட் பண்ணியும் பாட வீடியோ புரியலையா? உடனே 'நான் மக்கு'ன்னு முடிவு கட்டிடாதீங்க. அந்தப் பாடம் எப்படி வடிவமைக்கப்பட்டிருக்குன்னும் கொஞ்சம் பாருங்க.

புதிதாக எதைக் கற்றாலும், மூளை அதை முதலில் 'செயல்பாட்டு நினைவகம்' என்ற குட்டி மேஜையில் வைத்துத்தான் அலசுகிறது. அந்த மேஜையில் ஒரே நேரத்தில் சில விஷயங்களுக்குத்தான் இடம். தேவையில்லாதவை அதை அடைத்துக்கொண்டால், பாடம் வெளியே நிற்க வேண்டியதுதான். ஆஸ்திரேலியாவின் கல்வி உளவியலாளர் ஜான் ஸ்வெல்லர் 1980-களில் முன்வைத்த 'அறிவாற்றல் சுமை' கோட்பாட்டின் சாரம் இதுதான்.

அமெரிக்க உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் மேயரும் பால் சாண்ட்லரும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு ஓர் உதாரணம். மின்னல் எப்படி உருவாகிறது என்று விளக்கும் 140 விநாடி அனிமேஷனைச் சிலருக்கு நிறுத்தாமல் காட்டினார்கள். சிலருக்கு அதையே 16 துண்டுகளாக்கி, பட்டனை அழுத்தினால்தான் அடுத்தது வரும்படி செய்தார்கள். புரிந்ததை வைத்து யோசித்துப் பதில் சொல்லும் கேள்விகளில், துண்டு துண்டாகப் பார்த்தவர்களே முந்தினார்கள்.

நண்பர்களுக்கோ, ட்யூஷன் பசங்களுக்கோ நீங்களே பாடம் தயாரிக்கிறீங்களா? இதையெல்லாம் கவனிங்க...

* பேசுறதையே வரிக்கு வரி ஸ்கிரீன்ல எழுதாதீங்க. படமும் குரலும் போதும். முக்கியமான சொல் மட்டும் எழுத்தில் வரட்டும். காது கேட்பதில் சிரமம் உள்ளவர்களுக்கும், அந்த மொழி பழகாதவர்களுக்கும் சப்டைட்டில் அவசியம். அதனால ஆன்/ஆஃப் வசதி வைங்க.

* இதயத்தின் படத்தில் 1, 2, 3 என்று போட்டு, விளக்கத்தைக் கீழே தள்ளாதீங்க. சின்ன மொபைல் ஸ்கிரீன்ல மேலும் கீழும் ஸ்க்ரோல் பண்றதுலயே கவனம் போயிடும். பெயர் அந்தந்தப் பாகத்தின் பக்கத்திலேயே இருக்கட்டும்.

* பின்னணி இசை, சம்பந்தமில்லாத மீம் வேண்டாம். சிரிக்க வைக்கும், பாடம் நிற்காது.

* புதுப் பெயர்களை முதலில் அறிமுகப்படுத்திட்டு, அப்புறம் அவை எப்படி இயங்குதுன்னு சொல்லுங்க.

* ஒவ்வொரு பகுதி முடிவிலும் யோசிக்க வைக்கிற ஒரு கேள்வி கேளுங்க. சும்மா இழுத்து விடுற, தட்டுற விளையாட்டு கைக்குத்தான் வேலை.

* ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு விளக்கமே சுமைதான். 'ஸ்கிப்' பட்டன் கொடுங்க.

பாடத்தை அனுப்புறதுக்கு முன்னாடி, 'இதை எடுத்துட்டா பாடம் புரியாமப் போகுமா?' என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் கேளுங்க. போகாதுன்னா, யோசிக்காம தூக்கிடுங்க!