கஞ்சி, உப்பு, தண்ணி: கை எழாத நாளின் சமையல் வரலாறு

அரசர்களின் விருந்துக்கு வரலாறு இருக்கிறது. கோயில் பிரசாதத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கக் கை எழாமல் வாசல்படியில் சாய்கிற சேரிப் பொம்பளை அன்றைக்கு என்ன ஆக்கினாள், எதைக் கொடுத்துப் பிள்ளைகளைத் தூங்கவைத்தாள் என்பதற்கு மட்டும் ஆவணம் கிடையாது. ‘சோம்பேறி, கஞ்சி காச்சி இறக்கிட்டா’ என்கிற ஏச்சு மட்டும்தான் மிச்சம். அந்தக் கஞ்சியிலிருந்து நம் வரலாற்றைத் தொடங்கலாம் என்கிறேன்.

எம்.ஏ. வகுப்பில் சிறுபாணாற்றுப்படை படித்தோம். பாணன் வீட்டில் பசி. அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையைக் கிள்ளிவந்து, உப்புக்கு வழியில்லாமல் வெறுமனே வேகவைக்கிறாள். யாராவது பார்த்துப் பேசிவிடுவார்களோ என்று கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். வறுமையின் அவலச் சுவை என்று உரை சொன்னார்கள். எனக்குக் கதவுதான் கண்ணில் பட்டது. ஆம்பூரில் வாடகை வீட்டில் மாட்டுக்கறி வேகவைக்கிற நம் பெண்களும் அதே கதவைத்தான் சாத்துகிறார்கள். இரண்டாயிரம் வருஷமாய்ச் சாத்திய கதவு!

கஞ்சிக்கு வேண்டியது மூணே சாமான்: அரிசி, உப்பு, தண்ணி. மூன்றையும் இந்த வடாற்காட்டு மண்ணில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் அரிசி. 1876-78 பெரும்பஞ்சத்தில் அடிபட்ட மாவட்டங்களில் வடாற்காடும் ஒன்று. நிவாரண வேலைக்குப் போனவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877 ஜனவரியில் ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டான். 450 கிராம் தானியம்; அதற்குக் கல் உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். பெண்ணுக்கு அதிலும் குறைவு. சென்னை மாகாண சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் சென்னை அரசு அளவை உயர்த்த வேண்டி வந்தது. உழைக்கிற உடம்புக்கு எவ்வளவு கஞ்சி போதும் என்பதை அந்த உடம்பு முடிவு செய்யவில்லை, மேலே இருந்தவன் முடிவு செய்தான் என்பதே இதன் பாடம். அதே பஞ்சத்தில் மாடுகள் மடிந்தன. செத்த மாட்டின் தோல் கப்பலேறியது. மனிதன் கஞ்சித் தொட்டிக்கும் தோல் துறைமுகத்துக்கும் போன காலம் அது.

நம் வட்டாரத்தில் அன்றாடச் சோறு அரிசி கிடையாது, கேழ்வரகு. நொய்யைக் கொதிக்கவிட்டு, மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்டி உருட்டினால் களி. களி கிண்டத் தோள்பலம் வேண்டும். கூழுக்கு முந்தின நாளே மாவு கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். அலுத்து வந்தவளுக்கு இரண்டும் ஆகாது. 1970களில் பதப்படுத்தாத தோலையும் அரைப்பதமான தோலையும் ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆவாரம்பட்டைக் குழிகளின் காலம் தேய்ந்து குரோம் வந்தது, பின்னாலேயே ஷூ கம்பெனிகள் வந்தன. சுண்ணாம்புக் குழியில் ஆண்கள் நின்ற ஊர்களில் தையல் மிஷின் முன்னாலும் பசை டப்பா முன்னாலும் பெண்கள் உட்கார்ந்தார்கள். விடிகாலை சோறாக்கி டப்பாவில் அடைத்து கம்பெனி பஸ் ஏறினால், இருட்டித்தான் வீடு. எங்கம்மா சொல்வாள்: ‘பசை நாத்தம் மூக்குலயே நிக்குது, பசி செத்துப்போச்சு. நீங்க தின்னணுமேன்னு ஒல வைக்கறேன்.’ களி ஞாயிற்றுக்கிழமைக்குப் போனது. வாரநாளுக்கு ரேஷன் அரிசிக் கஞ்சியும் சுட்ட கருவாடும் வந்தன. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று வந்த அந்த அரிசியைக் கேலி பேசியவர்கள் உண்டு. அந்தக் கேலியைப் பேசியவர்கள் வீட்டு அடுப்பை வேறு யாரோ பற்றவைத்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது உப்பு. கறி மலிவாய்க் கிடைத்த நாளில் நீளநீளமாய்க் கீறி, உப்பும் மஞ்சளும் மிளகாய்த் தூளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயப்போடுவது உப்புக்கண்டம். முடியாத ராத்திரியில் ரெண்டு துண்டை எடுத்துத் தணலில் வாட்டி, தட்டிப் போட்டால் போதும், கஞ்சி விருந்தாகிவிடும். ‘சுலபச் சமையல்’ என்று பேர். அந்தச் சுலபம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விற்று வாங்கியது. ஒரு நாள் உழைப்பை உப்புப் போட்டுச் சேர்த்துவைத்து இன்னொரு நாள் அலுப்புக்குக் கொடுக்கிற அறிவு அது. 1951இல் வெளிவந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ வீடுதோறும் போனது. அது சைவச் சமையல். அதில் உப்புக்கண்டத்துக்கு இடம் இருக்க முடியாது. பிறகு வந்த எத்தனை சமையல் புத்தகங்களில் இடம் கிடைத்தது? தென்னாப்பிரிக்க வெள்ளையர் கையில் இதே மாதிரி காய்ந்த கறி ‘பில்டாங்’ என்று பாக்கெட்டில் விலைபோகிறது. மராத்வாடா தலித்துகளிடம் அது ‘சான்யா’. ஷாஹு பாடோளே 2015இல் மராத்தியில் எழுதிய புத்தகத்தில் மகார், மாங்கு மக்களின் சமையலைப் பதிவு செய்துவிட்டார். தமிழில் அந்த வேலை நம்மிடம் பாக்கி.

ஒன்றைக் கவனியுங்கள். அறுத்த மாட்டின் தோலுக்கும் உப்புதான் போடுகிறார்கள், கறிக்கும் உப்புதான் போடுகிறோம். உப்புப் போட்ட தோல் அந்நியச் செலாவணி, உப்புப் போட்ட கறி தீட்டு!

மூன்றாவது தண்ணி. இங்கேதான் கஞ்சி கெட்டது. தோலைக் கழுவிய உப்பும் குரோமும் பாலாற்றில் கலந்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டதை அதில் குறித்தது. மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தில் உறுதிப்பட்டதும் அந்தத் தீர்ப்பால்தான். சட்டக் கல்லூரியில் இன்றும் அதைப் படிக்கிறார்கள். சேரியில் அந்தத் தீர்ப்புக்கு வேறு பொருள்: கிணற்றுத் தண்ணியில் கஞ்சி காய்ச்சினால் உப்புப் போடாமலே கரித்தது. கேழ்வரகு விளைந்த கொல்லை போனது, கூலி வேலை போனது, கம்பெனி வாசல்தான் மிச்சம். தண்ணியைக் கெடுத்த தொழிலே சோறும் போடுகிறது என்ற கொடுமையில், குடத்தோடு லாரிக்கு நிற்பதும் அலுத்து வந்த பெண்ணின் சமையல் வேலையில் சேர்ந்துகொண்டது.

2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். சம்பள நாளில், ஆக்க முடியாத பெண்கள் பிள்ளைகளுக்கு வாங்கிப்போகிற பொட்டலம் அது. எதிர்ப்புக் கிளம்பியது, மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இதைப் பாகுபாடாக ஏன் கொள்ளக்கூடாது என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டது. செத்த மாட்டைத் தின்னாதீர்கள் என்று 1927இல் மகாத்தில் அம்பேத்கர் சொன்னாரே என்று சிலர் நம்மிடமே திருப்பினார்கள். அவர் விடச் சொன்னது, ஊர் நம் தலையில் கட்டிய இழிவை. காசு கொடுத்து வாங்கித் தின்கிற உரிமையை விடச் சொல்லவில்லை.

தோழர்களே, இந்த வரலாற்றில் நமக்கும் ஒரு கேள்வி உண்டு. கூட்டம் முடிந்து நடுராத்திரியில் வீட்டுக்குப் போய் ‘என்ன இருக்கு?’ என்று கேட்கிற நாம், கம்பெனியிலிருந்து வந்தவள் இன்னொரு ஷிப்ட் பார்க்கிறாள் என்பதை எந்தத் துண்டறிக்கையில் எழுதினோம்? கஞ்சி காய்ச்ச ஆம்பளைக்கும் கை இருக்கிறது. வேலை நேரம் குறைய வேண்டும், குடிக்கிற தண்ணி வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்பது சமையலறைக் கோரிக்கையும்தான். மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அம்மாவிடம், பெரியம்மாவிடம் கேளுங்கள்: கை எழாத நாளில் என்ன ஆக்கினீங்க, அந்தத் தண்ணி எங்கேருந்து வந்தது, நீங்க தின்னீங்களா? சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். மூன்றாவது கேள்வியை விட்டுவிட வேண்டாம்.