ஆதுலர்சாலையும் அதன் அளவுகோலும்

நோயுற்றாரைப் பேணுதல் அறம் என்பது தமிழர் நெடுங்காலமாக உடன்பட்ட கொள்கை. ஆயின், அவ்வறம் செவ்வனே நடைபெறுகின்றதா என்பதை அளந்து காண்டற்குரிய கோல் யாது என்னும் வினா அத்துணை எளிதன்று. ஒரு மருத்துவமனையை அதன் கட்டடத்தைக் கொண்டு மதிப்பதா, ஆங்குப் பணிபுரிவாரைக் கொண்டு மதிப்பதா, அன்றி அதனின்றும் நலம்பெற்று மீண்டாரைக் கொண்டு மதிப்பதா? இதனை வரலாற்றுச் சான்றுகளின் துணையோடு ஈண்டு ஆராய்வாம்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாக வகுக்கின்றது. நோயாளன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என்பன அவை. பரிமேலழகர் ஒவ்வொன்றனையும் மேலும் நந்நான்காகப் பகுத்துரைப்பர். நான்கனுள் ஒன்று குறையினும் ஏனைய மூன்றும் பயன்படா என்பது இவ்வகுப்பின் உட்கிடை.

இந்நான்கும் ஒரு மருத்துவமனையில் எவ்வாறு அமைந்தன என்பதைக் காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் கல்வெட்டுக் காட்டுகின்றது. பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுமிடத்திலுள்ள திருமால் கோயிலில், வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்திற் பொறிக்கப்பட்டது அது. ஆங்கு வீரசோழன் ஆதுலர்சாலை என்னும் மருத்துவமனை 15 படுக்கைகளுடன் நடைபெற்றது. மருத்துவர் ஒருவர்க்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் காசும், அறுவை செய்வார்க்கு 30 கலம் நெல்லும் வகுக்கப்பட்டன. மூலிகையும் விறகும் கொணர்ந்து மருந்து சமைக்க இருவர், நோயாளரைப் பேணப் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், நீர் கொணர்வார் ஒருவர் எனப் பணியாளர் குறிக்கப்பெற்றனர். நோயாளர் ஒருவர்க்கு நாள்தோறும் நாழி அரிசி உரியது. இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் ஏறக்குறைய இருபது, பெயரும் அளவும் சுட்டி எழுதப்பட்டுள்ளன. இரவில் எரியும் விளக்கின் எண்ணெய்க்கும் பொருள் ஒதுக்கப்பட்டது.

இச்சாசனத்தின் சிறப்பு கொடையின் பெருமையில் மட்டும் அடங்குவதன்று. கொடுக்கவேண்டியது இவ்வளவென்று யாவரும் காணக் கல்லில் வெட்டப்பட்டமையால், குறைந்ததும் இவ்வளவென்று எவரும் கூறல் இயலும். அளவு எழுதப்படாதவிடத்துச் சோதனை என்பது வெறும் பார்வையிடலாய் முடியும்.

எனினும் இவ்வளவுகோலுக்கும் எல்லை உண்டு. அச்சாலை கோயிற் பணியாளர்க்கும் ஆங்குக் கற்ற மாணாக்கர்க்கும் அமைந்தது. எத்துணையர் குணமடைந்தனர், எத்துணையர் இறந்தனர் என்று எண்ணி எழுதும் வழக்கமும் அக்காலத்து இல்லை. வரவு எழுதப்பட்டது, விளைவு எழுதப்படவில்லை.

விளைவை எண்ணுதலின் ஆற்றலை உலகுக்கு உணர்த்தியது கிரிமியப் போர். 1854 நவம்பரில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் தாதியருடன் ஸ்கூட்டாரி மருத்துவமனையை அடைந்தார். உணவும் துணியும் பணிவிடையும் திருந்தின. எனினும் 1855 பெப்ரவரியில் மரணவீதம் நூற்றுக்கு 42 ஆயிற்று. மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டம் பெருக்கியது. சூன் மாதத்தளவில் அவ்வீதம் 2 அளவிற்கு இறங்கிற்று. போர் முடிந்தபின் மரணக் கணக்கை ஆராய்ந்த அம்மையார், வீரருட் பெரும்பாலோர் புண்ணால் அன்றித் தடுக்கத்தக்க நோயால் மாண்டனர் என்று நிறுவினார். அன்பான பணிவிடை இருந்தும் மக்கள் இறத்தல் கூடும் என்பதும், எண்ணிப் பார்த்தாலன்றி அஃது அறியப்படாது என்பதும் இதனாற் பெறப்படும்.

இலங்கையிலும் இதற்குச் சான்றுண்டு. 1930களில் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 21ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் அத்தொகை 40க்குக் கீழ் வந்தது. பயிற்சி பெற்ற மருத்துவமாதரும், மலேரியா ஒழிப்பும், கிராமந்தோறும் பரவிய இலவச மருத்துவமனைகளும் இதற்குக் காரணங்கள். நிகழ்ந்த தாய்மரணம் ஒவ்வொன்றையும் தனித்தனியே விசாரித்து, எவ்விடத்துத் தவறு நேர்ந்ததென ஆராயும் முறையும் அவற்றுள் ஒன்றாம்.

இனி, இவ்வளவுகோலை மட்டக்களப்பு வாவிக்கரைக்குக் கொணர்வாம். வாவியின் மேல்கரை படுவான்கரை, கீழ்கரை எழுவான்கரை எனப்படும். திரௌபதையம்மன் கோயிலாற் பெயர்பெற்ற பழுகாமம் படுவான்கரையில், வயல் சூழ்ந்து கிடக்கின்றது. களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையோ எழுவான்கரையில் உள்ளது. மாரி வெள்ளத்தில் பாதைகள் மூழ்கும் இரவொன்றில், வயலிற் பாம்பு தீண்டப்பெற்ற உழவனுக்கும் பேற்று நோவு கண்ட தாய்க்கும் அக்கரை நெடுந்தூரமாம். அருகிலுள்ள சிறு மருத்துவமனையே அவர்க்கு உயிர்நிலை.

ஆகவே, இத்தகைய ஊர்களின் மருத்துவமனையைச் சோதிக்கப் புகுவார், பகற்பொழுதில் வெள்ளையடித்த சுவரைக் கண்டு மீளுதல் போதாது. நஞ்சு முறிக்கும் மருந்து இருப்பில் உண்டா? அதனைச் செலுத்த வல்லார் இரவில் உளரா? பேணுவோர் விழித்திருப்பரா? நீரும் கழிவும் வேறுவேறாக ஓடுகின்றனவா? சென்ற ஆண்டு இறந்தவர் ஏன் இறந்தனர் என்பது ஏட்டில் உண்டா? இவற்றுள் முதல் மூன்றும் வள்ளுவர் வகுப்பிலும் திருமுக்கூடற் கல்லிலும் அடங்குவன. பின்னிரண்டும் ஸ்கூட்டாரி கற்பித்தவை.

இவ்வினாக்களைக் கேட்டல் அரசாங்க அதிகாரிக்கு மட்டும் உரியதன்று. கல்லில் எழுதியோர், ஊரார் யாவரும் கண்டு காக்கவேண்டும் என்றே பொதுவிடத்தில் எழுதினர். சோழர் கால ஆதுலர்சாலையில் இரவு முழுதும் ஒரு விளக்கு எரியவேண்டும் என்று விதித்தனர். அவ்விளக்கு எரிகின்றதா என எட்டிப் பார்க்கும் கடமை ஊரார்க்கு என்றும் உண்டு.