தேர், தலை, தாடை: ‘மனிதன் யார்?’ என்னும் புதிரின் வரலாறு

விடுகதை சிறுவர்க்கு உரியது என்பது பொதுவான எண்ணம். ஆயினும் மிகப் பழைய விடுகதைகளுள் இரண்டுக்கு அரசர்களும் துறவியரும் அறிவியலாரும் இன்றளவும் விடை தேடிக்கொண்டிருக்கின்றனர். ‘நேற்று இருந்தவனும் இன்று இருப்பவனும் ஒருவன்தானா?’ என்பது முதலாவது. ‘மனிதருள் முதல்வன் யார்?’ என்பது இரண்டாவது. முன்னது அடையாளம் பற்றியது. பின்னது தோற்றம் பற்றியது. வெவ்வேறு போலத் தோன்றினும் இரண்டிலும் உள்ள சிக்கல் ஒன்றே. இடைவிடாது மாறிவரும் ஒன்றில் எங்கே கோடு கிழிப்பது? விளையாட்டாகத் தொடங்கிய இவ்வினா கடனையும் குலத்தையும் இனப்பெருமையையும் தொட்டுச் சென்ற வரலாறு சுவையானது, சிந்தனைக்கும் உரியது.

கடனாளியும் மாம்பழத் திருடனும்

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த எபிகார்மசு என்னும் நகைச்சுவை நாடகாசிரியர் இவ்வினாவை மேடையேற்றினார் என்பர் பிற்காலக் கிரேக்க உரைகாரர். அவர் நாடகத்தில் ஒருவன் தான் தரவேண்டிய பங்குத் தொகையைத் தர மறுக்கிறான். ‘உடலில் நாள்தோறும் சில கூடுகின்றன, சில குறைகின்றன, ஆகவே அன்று ஒப்புக்கொண்டவன் வேறு, இன்று நிற்பவன் வேறு’ என்பது அவன் வாதம். கேட்டவன் சினந்து அவனை அடித்துவிடுகிறான். அடிபட்டவன் வழக்குத் தொடுக்க, ‘அடித்தவன் வேறு, இங்கு நிற்கும் நான் வேறு’ என்று அதே வாதத்தை அவனுக்கே திருப்பித் தருகிறான் மற்றவன். ஒரு தருக்கம் எத்துணைக் கூர்மையானதாயினும் அடியின் வலியை மறுக்கவியலாது என்பதை அன்றைய மக்கள் சிரித்தவாறே உணர்ந்திருப்பர்.

இதே வினாவை இந்தியத் துணைக்கண்டத்தில் எழுப்பியது ‘மிலிந்த பஞ்ஞா’ என்னும் பாலி நூல். மிலிந்தன் எனப்படுபவன் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்குப் பகுதியை ஆண்ட மினாண்டர் என்னும் கிரேக்க மன்னன். நாகசேனர் என்னும் பௌத்தத் துறவியுடன் அவன் நிகழ்த்தும் உரையாடலே அந்நூல். மன்னன் தேரில் வந்தான் என்பதை அறிந்த நாகசேனர், அச்சு தேராகுமா, சக்கரம் தேராகுமா, நுகம் தேராகுமா என அடுக்கடுக்காக வினவுகிறார். எதுவும் தேரன்று என்று மன்னன் ஒப்புகிறான். உறுப்புகள் கூடிய நிலைக்கு இட்ட பெயரே தேர். அவ்வாறே நாகசேனன் என்பதும் ஒரு பெயரே என முடிக்கிறார் துறவி.

அவ்வாறாயின் செய்த வினைக்குப் பொறுப்பேற்பவர் யார்? இதற்கு விடையாக நாகசேனர் காட்டும் உவமைகள் நகைச்சுவை மிக்கவை. மாம்பழம் திருடிய ஒருவன், ‘தோட்டக்காரன் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய்’ என்று வாதிட்டால் மன்னன் விடுவானா? மற்றொரு கதையில், ஒருவன் சிறுமி ஒருத்திக்குப் பரியம் தந்து மணம் பேசிவிட்டு அயலூர் செல்கிறான். அவள் வளர்ந்தபின் வேறொருவன் அவளை மணந்துகொண்டு, ‘நீ பரியம் தந்த சிறுமி வேறு, நான் மணந்த மங்கை வேறு’ என்கிறான். இவ்வழக்குகளில் மன்னன் கூறும் தீர்ப்பு தெளிவானது. முன்னதிலிருந்து பின்னது தோன்றியதால் பொறுப்பு அறுபடுவதில்லை. நாகசேனர் நிலைநாட்டியது இதுவே: மாறாத பொருள் ஒன்று உள்ளே இல்லாவிடினும் தொடர்ச்சி உண்டு, தொடர்ச்சி உள்ளவரை பொறுப்பும் உண்டு.

கிரேக்கர் இதே வினாவை ஒரு கப்பலில் ஏற்றினர். தீசியசு என்னும் வீரனின் கப்பலை ஏதென்சு மக்கள் பாதுகாத்தனர் என்றும், உளுத்த பலகைகளை நீக்கிப் புதியன பொருத்திவந்தனர் என்றும், அது அதே கப்பல்தானா என்று மெய்யியலார் இரு பிரிவாக நின்று வாதிட்டனர் என்றும் புளூட்டார்க்கு எழுதியுள்ளார். 1655இல் ஆங்கில அறிஞர் தாமசு ஆப்சு இதில் மேலும் ஒரு முடிச்சிட்டார். கழித்த பழைய பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அவற்றைக் கொண்டே மற்றொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது தீசியசின் கப்பல்? பத்தாண்டு கண்ட இலக்கிய வட்டங்கள் யாவும் இக்கப்பலை ஒத்தனவே. வருவோர் மாறலாம், கூடும் இடம் மாறலாம். பெயரும் பொறுப்பும் தொடர்கின்றன.

தலையா, உடலா?

உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறுவதை விட்டு, ஒரே வெட்டில் பாதி ஆளே மாறிவிட்டால்? 11ஆம் நூற்றாண்டில் காசுமீரத்தில் சோமதேவர் இயற்றிய ‘கதாசரித்சாகரம்’ தன்னுள் வேதாளக் கதைகளையும் கொண்டுள்ளது. அவற்றுள் ஒன்றில், கணவனும் அவன் மைத்துனனும் தேவி கோயிலில் தம் தலைகளை அரிந்துகொள்கின்றனர். தேவியின் அருளால் அவர்களை உயிர்ப்பிக்க முனையும் மனைவி, பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இருவருள் கணவன் யார்? உறுப்புகளுள் தலையே முதன்மையானது. ஆதலின் கணவனின் தலையை உடையவனே கணவன் என்பது மன்னனின் விடை. வேதாளம் அதனை ஏற்று முருங்கை மரம் ஏறிவிட்டது. எழுத்தாளர்கள் ஏற்கவில்லை. செருமானிய எழுத்தாளர் தாமசு மான் 1940இலும், கன்னட நாடகாசிரியர் கிரீசு கர்னாடு ‘ஹயவதனா’ நாடகத்தின் வாயிலாக 1971இலும் அவ்வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டனர்.

தமிழகத்துச் சிற்றூர் மக்களோ அரசனின் விடைக்குக் காத்திராமல் தாமே ஒரு தீர்ப்பை வழங்கிவிட்டனர். சமதக்கினி முனிவரின் ஆணையால் மகன் பரசுராமன் தாய் இரேணுகையின் தலையை வெட்டுகிறான். அவளுடன் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தியும் வெட்டுண்கிறாள். பின்னர் வரம் பெற்றுப் பொருத்தும்போது தலைகள் மாறிவிடுகின்றன. இருவரும் தெய்வமாகின்றனர், ஒருத்தி மாரியம்மன், மற்றவள் எல்லையம்மன். இக்கதையின் ஒரு வடிவத்தைப் பிரெஞ்சுப் பயணி சொன்னரா 1782இல் வெளியிட்ட தம் பயண நூலில் பதிவு செய்தார். அதுவே செருமானியப் பெருங்கவிஞர் கெதேயின் கவிதை ஒன்றுக்கும் கருவாயிற்று.

‘தலையே முதன்மை’ என்ற மன்னனின் விதியை இக்கதையில் பொருத்திப் பார்த்தால் அதன் மறுபக்கம் விளங்கும். முனிவர் மனைவியின் தலை, தீண்டத்தகாதவள் என ஒதுக்கப்பட்டவளின் உடல். அவளைத் தொழும்போது எவ்வளவு தொழுவது, எவ்வளவு விலக்குவது? குலம் குருதியில் உறைகின்றது எனின் இரு தெய்வங்களின் உடலிலும் இரு குலக் குருதியும் ஓடுகின்றது. பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த சமுதாயமே, அந்தக் கோட்டை அழிக்கும் கதையொன்றையும் தன் கோயில் வாயிலில் வைத்திருந்தது என்பது வியப்புக்குரியது.

முன்னோர் கணக்கு

குலத்தூய்மை பேசுவோர் ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று. ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டியர் நால்வர். பூட்டன் பூட்டியர் எண்மர். இவ்வாறு இரட்டித்துச் சென்றால் பத்தாம் தலைமுறையில் 1,024 பேர். இருபதாம் தலைமுறையில் 10,48,576 பேர். முப்பதாம் தலைமுறையில் 107 கோடிக்கும் மேல். தலைமுறைக்கு 25 ஆண்டு எனக் கொண்டால் இது 750 ஆண்டுகளுக்கு முந்திய நிலை. அன்றைய உலக மக்கள்தொகையே ஐம்பது கோடியைத் தொடவில்லை என்பது ஆய்வாளர் மதிப்பீடு. முதலாம் இராசேந்திர சோழன் ஆண்ட காலத்துக்குச் சென்றால் ஒருவருக்கே இலட்சம் கோடி முன்னோர் வேண்டும். அத்தனை பேர் அன்று உலகில் இல்லை.

விடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மாமன் மகளை மணந்தவரின் பிள்ளைக்குப் பூட்டன் பூட்டியர் எண்மர் அல்லர், அறுவரே. ஒரே இணையர் தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்துவிடுகின்றனர். பின்னோக்கிச் செல்லச் செல்ல ஒரே ஆள் ஆயிரக்கணக்கான இடங்களில் அமர்ந்திருப்பார். ஒருவருடைய முன்னோரும் மற்றவருடைய முன்னோரும் ஒரு கட்டத்தில் ஒன்றாகிவிடுவர். இன்று வாழும் மனிதர் அனைவர்க்கும் பொதுவான முன்னோர் ஒருவர் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்திருக்கக்கூடும் என்று 2004இல் உரோடு, ஓல்சன், சாங்கு ஆகிய மூவரும் கணித மாதிரிகளின் வழியே காட்டினர்.

அகமணம் வழங்கும் நாட்டில் இக்கணக்கு செல்லாது என்று கூறவும் இடமில்லை. இந்தியாவின் பெரும்பாலான மக்கட்குழுக்கள் இருபெரும் மூதாதையர் கூட்டங்களின் கலப்பால் உருவானவை. அக்கலப்பு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை பரவலாக நிகழ்ந்தது. அதன் பின்னரே அகமண வேலி இறுகியது என்பது 2013இல் வெளியான மரபணு ஆய்வின் முடிவு. வேலி அடைக்கும் முன்பே தோட்டத்தில் எல்லா விதையும் விழுந்துவிட்டன.

1987இல் ரெபெக்கா கேன், மார்க்கு சுடோன்கிங்கு, ஆலன் வில்சன் ஆகியோர் வேறொரு வழியில் பின்னோக்கிச் சென்றனர். தாயிடமிருந்து மட்டுமே வரும் மைட்டோகாண்டிரியாவின் மரபணுவை 147 பேரிடம் ஆராய்ந்து, அனைவரின் தாய்வழியும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு பெண்ணிடம் சென்று சேர்கிறது என்றனர். செய்தித்தாள்கள் அவளை ‘ஏவாள்’ என்றன. ஆனால் அவள் உலகின் முதற்பெண்ணும் அல்லள். அக்காலத்தின் ஒரே பெண்ணும் அல்லள். அவளுடன் வாழ்ந்த பிற பெண்களின் வழியில் எங்கோ ஒரு தலைமுறையில் மகள் பிறவாமல் தாய்வழி அறுந்தது. அவள் வழி அறவில்லை, அவ்வளவே. தான் அனைவர்க்கும் தாயாவோம் என்பதை அவள் அறிந்திருக்க வழியில்லை. அப்பட்டம் அவள் மறைந்து நெடுங்காலத்துக்குப் பின், பிற பெண்களின் தாய்வழிகள் அறுந்ததனால் வந்தது. இன்னும் சில தாய்வழிகள் அறுந்தால் அவளைவிடப் பிற்பட்ட வேறொருத்திக்கு அது மாறவும் கூடும். தாய் பிள்ளையைப் பெறுவது இயல்பு. பிள்ளைகளே தாயை ஆக்கிய விந்தை இது.

முதல் மனிதன் என்னும் பொய்

அவ்வாறாயின் உண்மையில் முதல் மனிதன் யார்? கி.மு. 4ஆம் நூற்றாண்டில் யூபுலிடீசு எழுப்பியதாகக் கூறப்படும் குவியல் புதிர் இங்கே துணை செய்யும். நெற்குவியலிலிருந்து ஒரு மணியை எடுத்தால் அது குவியலாகவே இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போனால் எந்த மணியோடு அது குவியல் என்னும் பெயரை இழக்கும்? குரங்கினத்தை ஒத்த மூதாதையிலிருந்து இன்றைய மனிதன் வரை நீளும் வரிசையும் இத்தகையதே. எந்தத் தாயும் தன் இனத்தைச் சாராத பிள்ளையைப் பெற்றதில்லை. ஆயினும் வரிசையின் இருமுனையும் வேறுவேறு இனம். ‘மனிதன்’ என்னும் சொல்லை எப்புள்ளியிலிருந்து வழங்குவது என்று வரையறுக்க இயலாது என 1871இலேயே டார்வின் எழுதினார். மனிதனின் தொட்டில் ஆப்பிரிக்காவாக இருக்கலாம் என்றும் அவர் கருதினார்.

ஆனால் பெருமைக்குக் கோடு வேண்டியிருந்தது. 1912 திசம்பர் 18 அன்று இலண்டன் நிலவியல் கழகத்தில், பில்டவுன் என்னும் இங்கிலாந்துச் சிற்றூரில் கிடைத்ததாக ஒரு மண்டையோட்டின் துண்டுகளும் தாடையும் காட்டப்பட்டன. அவற்றைக் கொணர்ந்தவர் சார்லசு டாசன் என்னும் வழக்குரைஞர். மனித மூளையும் குரங்குத் தாடையும் உடைய ஆதி ஆங்கிலேயன் அகப்பட்டான் என்று மகிழ்ந்தனர் பலர். அவ்விடத்திலேயே பின்னர்க் கிடைத்த யானை எலும்புக் கருவி கிரிக்கெட் மட்டையைப் போல் இருந்தபோதும் பலருக்கும் ஐயம் எழவில்லை. 1924இல் தென்னாப்பிரிக்காவின் தாங்கு என்னும் இடத்தில் உண்மையான முன்னோர் இனத்துக் குழந்தை ஒன்றின் மண்டையோடு கிடைத்தது. இரேமண்டு டார்ட்டு அதனை 1925இல் வெளிப்படுத்தியபோது இலண்டன் அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. 1953இல் வீனர், இலெ குரோசு கிளார்க்கு, ஓக்லி ஆகியோர் பில்டவுன் பொய்யை உடைத்தனர். மண்டையோடு பிற்கால மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது, பற்கள் அரத்தால் தேய்க்கப்பட்டவை, எல்லாவற்றுக்கும் பழமை நிறம் ஏற்றப்பட்டிருந்தது. தேவி கோயிலில் தலை மாறியது தவறுதலாக. பில்டவுனில் தாடை மாறியது திட்டமிட்டு. நாற்பது ஆண்டுகள் அப்பொய்யைக் காத்தது டாசனின் திறமை மட்டுமன்று. ‘முதல்வன் எம்மவனே’ என்னும் ஆசையும் ஆகும்.

இவ்வாசை ஆங்கிலேயர்க்கு மட்டும் உரியதன்று. மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்படும் விலங்குகளின் உறவை விளக்க 1864இல் இலெமூரியா என்னும் நிலப்பரப்பைக் கற்பித்தவர் சிகிளேட்டர் என்னும் விலங்கியலார். அதனை மனித இனத்தின் தொட்டிலாகக் கருதியவர் செருமானியராகிய ஏக்கல். சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் கூறும் கடல்கோளுடன் இதனை இணைத்துத் தமிழறிஞர் சிலர் குமரிக்கண்டத்தை முதல் மனிதன் பிறந்த இடமாக்கினர். 1960களில் புவித்தட்டுக் கோட்பாடு நிலைபெற்றதும் இலெமூரியா தேவையற்றதாயிற்று. மடகாசுகர் இந்தியாவிடமிருந்து பிரிந்தது ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்று மனிதன் இல்லை. பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது கரைநிலங்கள் மூழ்கியது உண்மை. கடல்கொண்ட நிலத்தைப் பற்றிய இலக்கிய நினைவு வேறு. உலக மனிதனின் பிறப்பிடம் என்னும் உரிமைக்கோரல் வேறு.

தமிழகத்தின் தொன்மைக்குக் கற்பனைக் கண்டம் வேண்டுவதுமில்லை. 1863இல் இராபர்ட்டு புரூசு பூட்டு பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டிலேயே கண்டறியப்பட்ட அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அகழ்ந்த கருவிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011இல் வெளியிடப்பட்டது. இங்கும் ஒரு புதிர் காத்திருக்கிறது. இன்றைய மனித இனத்தின் அறியப்பட்ட அகவையே ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுதான். ஆகவே அக்கருவிகளைச் செய்தவர் தமிழரும் அல்லர், இந்தியரும் அல்லர், இன்றைய பொருளில் மனிதரும் அல்லர். ஆயினும் கல்லின் இருபுறமும் ஒத்து அமையுமாறு செதுக்கிய அக்கை யாருடையது? அந்நியருடையது என்று தள்ளவும் மனம் வரவில்லை. எம்முடையது என்று கொள்ளவும் சான்று இல்லை.

கவிஞர்க்கு இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றுண்டு. ‘முதல்’ என்பதைத் தேடிச் சென்ற இடமெல்லாம் ‘தொடர்ச்சி’யே கிடைத்தது. முதல் மனிதன் இல்லை. கலப்பற்ற குலம் இல்லை. மாறாத ‘நான்’ இல்லை. ஆனால் மாம்பழத் திருடனுக்குச் சொன்ன தீர்ப்பு நிற்கின்றது. முன்னோரின் கல்லும் சொல்லும் கைம்மாறி வந்துள்ளன. அவர்கள் இழைத்த தீங்கும் அவற்றுடனேயே வந்துள்ளது. ‘அவர்கள் வேறு, நாங்கள் வேறு’ என்று தீங்கிலிருந்து மட்டும் விலகிக்கொண்டு, பெருமைக்கு மட்டும் வழித்தோன்றல் என வந்து நிற்றல் எபிகார்மசின் கடனாளி செய்த வாதமே. தொன்மையைப் பாடுவோர் அத்தொன்மையின் கடனையும் ஏற்றுப் பாடுதலே முறை.