ஆய்வுக்கு விடை ஆய்வே

தமிழ்கூறும் நிலத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் வரையறுக்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நாம் அவ்வெல்லையின்மீதே குடியிருக்கிறோம் எனலாம். ஆதலின் ஒரே கதை இரு மொழிகளில் இரு வடிவம் கொள்வது நமக்குப் புதுமையன்று. வீட்டில் முதியோர் கம்பனைச் சொல்வர். பள்ளியில் தெலுங்கு பயிலும் பிள்ளைகள் மொல்ல ராமாயணத்தைச் சொல்வர். இரண்டையும் ஒரே கூடத்தில் கேட்டு மகிழ்கிறோம். இந்த இயல்பான பன்மையை ஆராய்ந்த ஒரு கட்டுரைக்குத் தில்லிப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இடமில்லாமற் போன வரலாற்றை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

அக்கட்டுரையை எழுதியவர் ஏ. கே. ராமானுஜன். 1929ஆம் ஆண்டு மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, நம் பிள்ளைகளைப் போலவே வீட்டில் தமிழும் தெருவில் வேறு மொழியும் கேட்டு வளர்ந்தவர். சிகாகோப் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிச் சங்கப் பாடல்களை ஆங்கில உலகுக்கு அறிமுகம் செய்தவர். இராம காதையின் பல வடிவங்களை ஒப்பிட்டு அவர் எழுதிய கட்டுரை 1991இல் ஒரு தொகுப்பு நூலில் வெளிவந்தது. அதில் அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று அகலிகை வரலாறு. வான்மீகத்தில் அவள் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் சாம்பலிற் கிடந்து தவம் செய்கிறாள். கம்பனிலோ கல்லாகி, இராமன் திருவடித் துகள் பட்டு உயிர்க்கிறாள். நாம் மூலக் கதை என்றே நம்பியிருப்பது கம்பன் தந்த வடிவம்! இதனை அறிவதால் நம் பக்தி குறையுமோ? கம்பன்மீது நமக்குள்ள பெருமையன்றோ மிகும்!

இக்கட்டுரை தில்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பட்டப் படிப்பில் பாடமாயிற்று. 2008 பிப்ரவரியில் அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத்தினர் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து பொருள்களை உடைத்தனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் அமைந்த வல்லுநர் குழுவின் நால்வருள் மூவர் கட்டுரையை ஏற்றனர். ஒருவர் மட்டும் இளநிலை மாணவர்க்கு அது ஏற்றதன்று எனக் கருதினார். ஆயினும் 2011 அக்டோபரில் கல்விக் குழு கட்டுரையை நீக்கிவிட்டது. எழுதியவரோ 1993இலேயே மறைந்துவிட்டார். விடை சொல்ல அவர் இல்லை.

ராமானுஜன் பணியாற்றிய அமெரிக்க நாட்டிலும் இத்தகைய நெருக்கடி இல்லாமலில்லை. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதும், அமெரிக்க அரசு 1958இல் ஒரு சட்டம் இயற்றிப் பிற நாட்டு மொழிகளையும் வரலாற்றையும் கற்பிக்கும் துறைகளுக்குப் பெரும் பொருள் வழங்கியது. தமிழ் பயிற்றிய துறைகளும் அதனால் வளம் பெற்றன. 2002இல் பிலடெல்பியாவில் ‘கேம்பஸ் வாட்ச்’ என்னும் கண்காணிப்பு அமைப்புத் தோன்றியது. மேற்காசியாவைப் பற்றிக் கற்பிக்கும் பேராசிரியர் எண்மர் பெயரில் அது கோப்புகள் திறந்து வெளியிட்டது. அலுவலகக் கோப்புகளோடு நாளெல்லாம் பழகும் எம்போன்றோர் அறிவோம்: கோப்பில் ஏறிய பெயருக்கு விளக்கம் பின்னால் வரும், ஐயம் முன்னால் வந்துவிடும். ஏறத்தாழ நூறு பேராசிரியர்கள் தங்கள் பெயரையும் அப்பட்டியலிற் சேர்க்குமாறு எழுதினர். கோப்புகள் விரைவில் விலக்கிக்கொள்ளப்பட்டன. அத்துறைகளை மேற்பார்வையிட வாரியம் அமைக்கும் மசோதா ஒன்று 2003இல் கீழவையில் நிறைவேறியதேனும் மேலவையைக் கடக்கவில்லை.

பொதுப்பணத்தில் நடக்கும் துறையை மக்கள் வினவலாகாதோ எனின், தாராளமாக வினவலாம். நூலிற் பிழை கண்டால் மறுப்பு நூல் எழுதலாம்; மேடையில் வாதிடலாம். ஆனால் ஆசிரியர் அஞ்சித் தாமே வாயடைத்துக்கொள்ளுமாறு செய்வது வினவுதல் ஆகாது.

இக்குறை பிறரிடத்து மட்டுமே உண்டென்று நாம் மகிழ்தற்கில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதியின் பதிப்பாசிரியராகவும், 1936 முதல் 1946 வரை அப்பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகவும் விளங்கியவர் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. தொல்காப்பியத்திற்கும் திருக்குறளுக்கும் தமிழன்பர் விரும்பாத பிற்காலத்தை அவர் குறித்தார். சான்று காட்டி மறுத்தோரும் உண்டு; தமிழ்ப் பகைவர் என்று பழித்தோரோ பலர். அவர் முடிபுகள் பல இன்று ஏற்கப்படுவதில்லை என்பது உண்மை. ஆயினும் சங்க காலத்தின் தொன்மைக்கு உறுதி தந்தது வசைமொழியன்று. புகளூர்க் குகைக் கல்வெட்டில் சேர மன்னர் மூவர் பெயரைப் படித்து, பதிற்றுப்பத்தோடு ஒப்பிட்ட ஐராவதம் மகாதேவன் போன்றோரின் உழைப்பேயாகும்.

இப்பாடம் இன்று நமக்கு மிகவும் வேண்டப்படுவது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைய வேண்டிய 60 இலட்சம் டாலரை உலகத் தமிழர் திரட்டினர். தமிழக அரசும் 10 கோடி ரூபாய் வழங்கியது. பெருமைப்படத்தக்க செயல். ஆயினும் பொருள் கொடுத்தோர் ஒன்றை மறத்தலாகாது. நாம் அமைத்தது ஓர் ஆய்வாளருக்கான இருக்கை. நம் புகழ் பாடுவோருக்கானதன்று. அவ்விருக்கையில் அமர்வோர் நாம் விரும்பாத ஒரு காலக் கணக்கை நாளை வெளியிடலாம். அன்று நாம் கோப்புத் திறப்போமா, கல்வெட்டைத் தேடுவோமா?

எல்லையில் வாழும் நம் பிள்ளைகள் தமிழின் தொன்மையைப் பற்றிப் பிறமொழித் தோழரிடம் பேச நேரும். அன்று அவர்களுக்குத் துணை செய்வது சான்றே, உரத்த குரலன்று. நம் சங்க நூலகங்களில் வையாபுரிப் பிள்ளையின் நூல்களையும் அவரை மறுத்தோர் நூல்களையும் ஒரே அடுக்கில் வைப்போம். பிள்ளைகள் இரண்டையும் படிக்கட்டும். முடிபை அவர்களே காணட்டும்.