பிறவாப் புளியும் மறுபிறவி நம்பிக்கையும்

கோவை நகரிலிருந்து மேற்கே சிறுவாணி சாலையில் சில கிலோமீட்டர் போனால் பேரூர் வரும். நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள இந்த ஊரின் பட்டீசுவரர் கோவிலை 'மேலைச் சிதம்பரம்' என்றும் சொல்வார்கள். கோவிலைச் சேர்ந்த புளியமரம் ஒன்றுக்குப் 'பிறவாப் புளி' என்று பெயர். அதன் கொட்டையை எங்கே போட்டாலும் முளைக்காது என்பது ஊர் நம்பிக்கை. கொட்டை முளைக்காதது போலவே பேரூரில் இறந்தவருக்கும் மறுபிறவி கிடையாது என்பது இதன் பொருள். இதற்கு இணையாக 'இறவாப் பனை' ஒன்றும் உண்டு.

இந்து சமயத்தின் மறுபிறவி நம்பிக்கையைப் புரிந்துகொள்ள இந்தப் புளியமரம் ஒன்றே போதும். திரும்பவும் பிறப்பது ஒரு வரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சமய நூல்கள் சொல்வது வேறு. பிறவி என்பது சுமை, அதிலிருந்து விடுபடுவதே வீடுபேறு!

எங்கிருந்து வந்தது?

வேதங்களில் மிகப் பழமையான ரிக் வேதத்தில் மறுபிறவிக் கொள்கை தெளிவாக இல்லை. பிருகதாரண்யகம், சாந்தோக்கியம் போன்ற உபநிடதங்களில்தான் அது தெளிவாகப் பேசப்படுகிறது. செய்த வினைக்கு ஏற்ற பிறவி என்ற கருத்தைச் சமணமும் பௌத்தமும் ஏற்றுக்கொண்டு, தத்தம் வழியில் விளக்கின.

தமிழில் இதற்குச் சிறந்த சான்று சிலப்பதிகாரம். குற்றமற்ற கோவலன் ஏன் கொலையுண்டான்? முற்பிறவியில் அவன் பரதன் என்ற பெயருடன் இருந்தபோது, சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தான். அந்த வினைதான் மதுரையில் வந்து பலித்தது என்கிறது காப்பியம். கண்ணகிக்குக் கொங்கிளங்கோசர் விழா எடுத்த செய்தியும் இந்நூலிலேயே உள்ளது. இதற்கு உரை எழுதிய அடியார்க்குநல்லாரும் கொங்கு நாட்டவர். அக்காலத்தில் கொங்கில் சமணம் செழித்திருந்தது. விசயமங்கலம் சமணக் கோவில் இன்றும் அதற்குச் சாட்சி.

பேரூர் சொல்வது

18-ம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் பேரூர்ப் புராணம் பாடினார். அதற்கு முன்பே, 17-ம் நூற்றாண்டில், சாந்தலிங்க அடிகளார் இங்கே மடம் அமைத்திருந்தார். 'கொலை மறுத்தல்', 'வைராக்கிய சதகம்' என்பவை அவருடைய நூல்கள். உயிர்களைக் கொல்லாமையும் உலகப் பற்றை விடுதலும் பிறவியை அறுக்கும் வழிகள் என்பது இந்த மரபு.

கிராமம் சொல்வது

கொங்கு கிராமங்களின் உடுக்கைப் பாட்டிலோ மறுபிறவி வேறு முகம் காட்டுகிறது. அண்ணன்மார் சுவாமி கதையின் நாயகர்கள் பொன்னர், சங்கர். இவர்கள் பாண்டவர்களின் மறுபிறவி என்று சொல்லும் வழக்கு உண்டு. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-ல் காங்கேயம் வட்டாரத்தில் இக்கதையை ஒலிப்பதிவு செய்து, பின்னர் நூலாக வெளியிட்டார். படுகளம் நிகழ்ச்சியில் மாண்டவர்களாக விழுந்து கிடப்பவர்களைத் தீர்த்தம் தெளித்து எழுப்புவார்கள். துறவி வேண்டாம் என்று சொன்ன பிறவியை உழவர் கதை கொண்டாடுகிறது.

இன்னொரு பக்கம்

வினைக்கொள்கை மனிதனுக்கு ஒழுக்கத்தைக் கற்பித்தது உண்மை. ஆனால் அதே கொள்கை சாதிக்கு நியாயமாகவும் பயன்பட்டது. 'போன ஜென்மத்துப் பாவம், இந்தச் சாதியில் பிறந்தாய்' என்று சொல்லிவிட்டால் எதிர்த்துக் கேட்க இடமே இல்லை. இப்பிறவியில் செய்யும் அநீதிக்கு முற்பிறவி மீது பழி!

இதற்குப் பதிலும் பேரூரிலேயே இருக்கிறது. சுந்தரர் பேரூர் வந்தபோது சிவனும் பார்வதியும் பள்ளன், பள்ளியாக வடிவெடுத்து வயலில் நாற்று நட்டார்கள் என்பது தலபுராணம். ஆனி மாதத்தில் நாற்று நடவு உற்சவம் இதை நினைவுகூர்கிறது. முற்பிறவிப் பாவத்தால் வருவது என்று சொல்லப்பட்ட பிறப்பைத் தெய்வமே விரும்பி எடுத்ததாகச் சொல்லும் கதை இது. ஆனால் கதை ஒரு பக்கம் இருக்க, ஒடுக்கப்பட்ட மக்கள் கோவில்களுக்குள் செல்லும் உரிமையைச் சென்னை மாகாணம் முழுவதற்கும் உறுதி செய்ய 1947-ல் ஒரு சட்டமே தேவைப்பட்டது.

ஆடி அமாவாசையன்று நொய்யல் படித்துறையில் முன்னோருக்குத் திதி கொடுக்கக் கூட்டம் அலைமோதும். மறுபிறவி இல்லை என்று சொல்லும் ஊருக்கு வந்து, இறந்தவர் நற்கதி அடைய எள்ளும் நீரும் இறைக்கிறார்கள். இறைத்துவிட்டு வீடு திரும்பினால் அங்கே தாத்தாவின் பெயரைத் தாங்கிய பேரன் ஓடி வருகிறான். பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதான். புளியங்கொட்டை முளைக்காமல் இருக்கலாம். அன்பு வைத்தவர்கள் திரும்பி வரவேண்டும் என்ற ஆசை மட்டும் தலைமுறைதோறும் முளைத்துக்கொண்டே இருக்கிறது.